நாலாயிரம் மனுக்கள், பத்து வாரக் கணக்கு: 1976 பன்றிக்காய்ச்சல் தடுப்பூசி இழப்பீடு எப்படித் தீர்ந்தது

1978 ஜூனில் அமெரிக்க சுகாதாரம், கல்வி, நலத்துறையின் செயலர் ஜோசப் கலிஃபானோ ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பன்றிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டபின் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய் வந்தவர்கள், யாருடைய கவனக்குறைவையும் நிரூபிக்கத் தேவையில்லை. நோய் ஊசியால் வந்தது என்று மட்டும் காட்டினால் போதும், அரசு இழப்பீடு தரும். இவ்வளவுதான் அறிவிப்பு.

வழக்கில் எதிர்த்தரப்பாக நிற்கும் அரசு, மனுதாரர் சுமக்க வேண்டிய சுமையில் பாதியைத் தானாக முன்வந்து இறக்கிவைப்பது நடக்கிற காரியமா? நடந்தது. ஏன் நடந்தது, அதனால் யாருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது, யார் வெளியே நின்றார்கள் என்பதுதான் இந்த ஆய்வு. தடுப்பூசி வழக்கு என்றால் விஞ்ஞானம் ஒரு பக்கம், பாதிக்கப்பட்டவர் மறுபக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த நாலாயிரம் கேஸ்களைத் தீர்த்தது பெரும்பாலும் விஞ்ஞானம் இல்லை. யார் மேல் வழக்குப் போடுவது, எதை நிரூபிப்பது, எத்தனை வாரம் வரை எண்ணுவது என்ற மூன்று நிர்வாக முடிவுகள்தான் அவற்றைத் தீர்த்தன.

ஊசிக்கு முன்னால் வந்த சட்டம்

1976 பிப்ரவரி. நியூஜெர்சியில் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவப் பயிற்சி முகாமில் இளம் சிப்பாய் ஒருவர் இறந்தார். பரிசோதித்தபோது, பன்றிகளிடம் காணப்படும் வகையைச் சேர்ந்த இன்ஃப்ளூயன்ஸா கிருமி என்று தெரிந்தது. 1918இல் உலகத்தைப் புரட்டிப்போட்ட காய்ச்சலுக்கும் இந்தக் கிருமிக்கும் உறவு இருக்கலாம் என்பது அப்போதைய பயம். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இயக்குநர் டேவிட் சென்சர், நாடு முழுக்க எல்லாருக்கும் ஊசி என்று பரிந்துரைத்தார். மார்ச் 24 அன்று ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட், போலியோ தடுப்புமருந்து கண்ட ஜோனாஸ் சால்க், ஆல்பர்ட் சேபின் இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்றம் 13.5 கோடி டாலர் ஒதுக்கியது. அது தேர்தல் வருஷம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பணம் வந்தது, மருந்தும் தயாராகிக்கொண்டிருந்தது. முரண்டு பிடித்தவர்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள். மெர்க், மெரல், பார்க்-டேவிஸ், வயத் என்ற நாலு தயாரிப்பாளர்களுக்கும் இந்த ஊசிக்கு மட்டும் பாதுகாப்பு தர முடியாது என்று கை விரித்துவிட்டார்கள்.

அவர்கள் பயத்துக்கு ஒரு பின்னணி உண்டு. டெக்சாஸில் எட்டு மாதக் குழந்தைக்கு வாய்வழி போலியோ மருந்து கொடுத்தபின் போலியோ வந்தது. மருந்தில் குறை இல்லை. ஆனால் அந்த அபாயத்தைப் பெற்றோரிடம் சொல்லாதது தப்பு என்று 1974இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வயத் கம்பெனியைப் பொறுப்பாக்கி, 2 லட்சம் டாலர் தீர்ப்பை உறுதி செய்தது. சுகாதார நிலையத்தில் நர்ஸ் சொல்லாமல் விட்டதற்கு, எங்கோ இருக்கிற கம்பெனி பணம் கட்ட வேண்டும். இந்தத் தீர்ப்பு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் கோடிக்கணக்கான பேருக்கு ஊசி என்று அரசாங்கம் வந்து நிற்கிறது.

இன்னொன்றையும் அவர்கள் சரியாகவே கணித்தார்கள். குளிர்காலத்தில் கோடிக்கணக்கான பேருக்கு, அதிலும் வயதானவர்களுக்கு முதலில், ஊசி போட்டால், அடுத்த சில நாளில் அவர்களில் எத்தனையோ பேருக்கு எப்படியும் மாரடைப்பு வரும், பக்கவாதம் வரும். ஊசி போடாவிட்டாலும் வந்திருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வழக்காக வரும். ஜெயித்தாலும் வக்கீல் செலவு கம்பெனி தலையில்தான். ஊசி மோசமானது என்று யாரும் சொல்லவில்லை. வழக்குச் செலவுதான் அவர்களை மிரட்டியது.

ஜூலை கடைசியில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களில் பலர் மர்மமான நிமோனியாவால் அடுத்தடுத்து இறந்தார்கள். பன்றிக்காய்ச்சல் வந்துவிட்டது என்று நாடே கலங்கியது. அது வேறு நோய் என்று சில நாளிலேயே தெரிந்துவிட்டது. பிற்பாடு லீஜனேர்ஸ் நோய் என்று பெயர் பெற்றது அதுதான். ஆனால் கிளம்பிய வேகம் அடங்கவில்லை. ஆகஸ்ட் 12 அன்று ஃபோர்ட் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

சட்டத்தின் சாரம் இது: இந்த ஊசியால் பாதிப்பு என்றால் கம்பெனி மேலும், ஊசி போட்ட நர்ஸ் மேலும் வழக்கு கிடையாது. பிரதிவாதி அமெரிக்க அரசு மட்டுமே. அரசிடம் நஷ்டஈடு கேட்க ஏற்கெனவே இருந்த கூட்டாட்சி உரிமைக்கேட்புச் சட்டத்தின் வழியாகத்தான் வர வேண்டும். கம்பெனி தப்பு செய்திருந்தால் அரசு பிறகு அதனிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஜூரி இல்லை, தண்டனைத் தொகை இல்லை. இது எங்கள் அரசியல் சாசன உரிமையைப் பறிக்கிறது என்று சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள், எடுபடவில்லை.

டிசம்பர் 16

அக்டோபர் 1 அன்று ஊசி போட ஆரம்பித்தார்கள். பத்தாவது நாளே பிட்ஸ்பர்கில் ஒரே மையத்தில் ஊசி போட்டுக்கொண்ட மூன்று முதியவர்கள் இறந்தார்கள். பல மாநிலங்கள் ஊசியை நிறுத்திவைத்தன. அவர்களுக்கு ஏற்கெனவே இதய நோய் இருந்தது, ஊசிக்குச் சம்பந்தமில்லை என்று விளக்கம் வந்தது. ஃபோர்டே டி.வி.யில் சட்டைக் கையை மடித்து ஊசி போட்டுக் காட்டினார். இன்சூரன்ஸ்காரர்கள் சொன்ன ஆரூடம் முதல் மாதத்திலேயே பலித்துவிட்டது.

நவம்பரில் மினசோட்டாவிலிருந்து வந்த தகவல் வேறு மாதிரி. ஊசி போட்ட சில வாரத்தில் ஒருவருக்கு கில்லன்-பாரே. பிறகு வேறு ஊர்களிலிருந்தும். இந்த நோய் பெரும்பாலும் காலில் தொடங்கும். விரல் நுனி மரத்துப்போகும். இரண்டொரு நாளில் படி ஏற முடியாது. மரமரப்பு மேலே மேலே ஏறி, தீவிரமானால் மூச்சுவிடும் தசைகளையும் பிடிக்கும், செயற்கைச் சுவாசம் தேவைப்படும். முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தால் புரதம் கூடியிருக்கும், வெள்ளணுக்கள் கூடியிருக்காது. அது டாக்டர்களுக்கு முக்கியமான அடையாளம். பலர் சில மாதங்களில் எழுந்து நடந்துவிடுவார்கள், சிலருக்குப் பலவீனம் நிரந்தரமாகத் தங்கிவிடும், ஒரு சிலர் இறந்தும் போவார்கள். ஊசியே போடாதவர்களுக்கும் வருகிற நோய் இது, பெரும்பாலும் ஏதாவது தொற்றுக்குப் பின்னால்.

டிசம்பர் 16 அன்று திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் நாலு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை நாட்டில் பதிவான 1,098 கில்லன்-பாரே நோயாளிகளில் 532 பேர் நோய் வருவதற்கு முன் ஊசி போட்டவர்கள். ஊசியால் கூடுதலாக வந்த அபாயம் லட்சத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருந்தது. பெரிய எண் இல்லை. ஆனால் எதிர்பார்த்த பன்றிக்காய்ச்சல் ஃபோர்ட் டிக்ஸைத் தாண்டி வரவே இல்லை. வராத நோய்க்குப் போட்ட ஊசியில் லட்சத்தில் ஒன்றுகூட ஜனங்களுக்குப் பெரிதாகத்தான் தெரியும்.

தொகையைக் குறித்துத் தரச் சொல்லும் படிவம்

உரிமை கேட்க முதலில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், நிலையான படிவம் 95. பெயர், சம்பவம் நடந்த தேதி, காயத்தின் தன்மை, சாட்சிகள். கடைசியில் கேட்கும் தொகை. அந்தக் கட்டத்தில் ‘நியாயமான தொகை’, ‘கோர்ட் முடிவு செய்யட்டும்’ என்றெல்லாம் எழுத முடியாது. இத்தனை டாலர் என்று எண் போட வேண்டும். எண் போடாத மனு மனுவே இல்லை. புதிதாக ஏதாவது தெரியவந்தால் ஒழிய, அந்த எண்ணுக்கு மேல் பிற்பாடு கோர்ட்டிலும் ஒரு காசு வாங்க முடியாது.

இது தெரிந்த வக்கீல் என்ன செய்வார்? ஆஸ்பத்திரியில் கிடப்பவர் எழுந்து நடப்பாரா, ஆயுசுக்கும் சக்கர நாற்காலியா என்பது தெரியாத நிலையில், மிக மோசமானதை நினைத்துத்தான் எண்ணைப் போடுவார். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. கேட்ட தொகைகளைக் கூட்டினால் 300 கோடி டாலரைத் தாண்டியது. கடைசியில் அரசு கொடுத்தது ஏறத்தாழ 9 கோடி. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து, அரசு ஏமாற்றிவிட்டது என்று ஒரு சாரார் எழுதினார்கள், ஜனங்கள் பேராசைப்பட்டார்கள் என்று இன்னொரு சாரார் எழுதினார்கள். இரண்டுமே அந்தப் படிவத்தைப் பார்க்காதவர்கள் எழுதியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 300 கோடி என்பது யாரும் எதிர்பார்த்த தொகை இல்லை, விதி எழுத வைத்த தொகை.

மனுவைப் பார்க்கத் துறைக்கு ஆறு மாதம். அதற்குள் சமரசம் ஆனால் வக்கீல் ஃபீஸ் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. மறுத்துவிட்டால் அல்லது பதிலே வராவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம், அங்கே 25 சதவீதம் உச்சம். சமரசத் தொகையை வாங்கிக்கொண்டால் கதை முடிந்தது. நோய் திரும்ப மோசமானாலும் மறுபடி கேட்க வழியில்லை. நாடு முழுக்கப் போட்ட வழக்குகளின் ஆரம்பக்கட்ட விசாரணை வாஷிங்டனில் நீதிபதி கெர்ஹார்ட் கெசலிடம் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. சாட்சியம், ஆவணம் எல்லாம் ஒரே முறை எடுத்துவிட்டு, பிறகு அவரவர் ஊர் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்புவது ஏற்பாடு.

கலிஃபானோ விட்டுக்கொடுத்தது எதை

ஃபோர்ட் தேர்தலில் தோற்று, ஜிம்மி கார்ட்டர் ஆட்சிக்கு வந்து, கலிஃபானோ பொறுப்பேற்றபோது மனுக்கள் குவிந்திருந்தன. 1976 சட்டம் பிரதிவாதியை மாற்றியதே தவிர, நிரூபிக்க வேண்டியதைக் குறைக்கவில்லை. ஒவ்வொரு மனுதாரரும் தன் மாநிலச் சட்டப்படி கவனக்குறைவோ, எச்சரிக்கத் தவறியதோ, ஏதோ ஒரு காரணத்தை நிறுவ வேண்டும். மருந்து ஒழுங்காகத் தயாரிக்கப்பட்ட மருந்துதான். அதனால் சண்டை பெரும்பாலும் எச்சரிக்கையைச் சுற்றியே வரும். ஒரே ஊசி, ஒரே நோய், ஒரு மாநிலத்தில் ஜெயிக்கும், பக்கத்து மாநிலத்தில் தோற்கும்.

நம் ஊரில் விபத்து வழக்குப் பார்த்தவர்களுக்கு இந்த நிலைமை புதிதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் பழைய 140ஆவது பிரிவில், டிரைவர் மேல் தப்பா இல்லையா என்று பார்க்காமலே உயிரிழப்புக்கு 50,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 25,000 ரூபாய் என்று முதலில் கொடுத்துவிடச் சொல்லியிருந்தது. கலிஃபானோ செய்தது அந்த ஜாதிக் காரியம்தான், ஆனால் தொகைக்கு உச்சவரம்பு இல்லாமல்.

இது வெறும் பெருந்தன்மை என்று நான் நம்பவில்லை. ஊசிக்கு முன் கையெழுத்து வாங்கிய தாளில் கைவலி, காய்ச்சல், முட்டை ஒவ்வாமை எல்லாம் இருந்தன, கில்லன்-பாரே பற்றி ஒரு வரி கிடையாது. அந்தத் தாளை ஒவ்வொரு ஊர் நீதிபதி முன்னாலும் நீட்டி, எச்சரிக்கை போதுமானதே என்று ஆயிரம் தடவை வாதாட எந்த அரசு வக்கீலுக்கும் ஆசை இருந்திருக்காது. அடுத்த முறை அரசு ஊசி போட்டுக்கொள்ளக் கூப்பிட்டால் ஜனங்கள் வர வேண்டுமே என்ற கவலையும் ஒரு சுகாதாரத் துறைக்கு இருந்தே தீரும். விட்டுக்கொடுத்தது நியாயமானது. அரசுக்கு லாபமானதும்கூட.

இந்தச் சலுகையில் ஒரு வாசல்படி இருந்தது. அது கில்லன்-பாரே என்ற பெயருக்கு மட்டும். ஊசிக்குப் பின் தண்டுவட அழற்சி வந்தவர், பார்வை நரம்பு பாதித்தவர், மூட்டுவலியில் முடங்கியவர் எல்லாரும் பழைய பாதையிலேயே, கவனக்குறைவையும் நிரூபித்து, காரணத்தையும் நிரூபித்துத்தான் வர வேண்டும். இதன் விளைவை எளிதாக ஊகிக்கலாம். அதுவரை யார் தப்பு என்று நடந்த சண்டை, இப்போது இந்த நோய்க்கு என்ன பெயர் என்ற சண்டையாக மாறியது. முதுகுத்தண்டு நீர் அறிக்கை, நரம்பு மின்னோட்டப் பரிசோதனை, முதல் நாள் ஆஸ்பத்திரிக் குறிப்பில் ‘கால் மரத்துப்போகிறது’ என்று எழுதியிருக்கிறதா, ‘இடுப்புக்குக் கீழே உணர்வில்லை’ என்று எழுதியிருக்கிறதா — இதற்கெல்லாம் இரண்டு பக்கமும் நரம்பியல் நிபுணர்கள் வந்து கூண்டில் நின்றார்கள். டியூட்டி டாக்டர் அவசரத்தில் கிறுக்கிய ஒரு வரிக்கு லட்சக்கணக்கான டாலர் மதிப்பு வந்துவிட்டது.

வாரக் கணக்கு

நோய் கில்லன்-பாரேதான் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கேஸிலும் ஒரு கேள்வி மிச்சம்: ஊசி போட்டு எத்தனை நாள் கழித்து வந்தது?

நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வு 1979இல் வெளியானது. ஊசி போட்ட இரண்டு, மூன்றாவது வாரத்தில் நோய் உச்சத்துக்குப் போகிறது, ஐந்து வாரத்துக்குள் பெரும்பங்கு வந்துவிடுகிறது, மெல்ல இறங்கி ஒன்பது, பத்து வாரம் வரை கொஞ்சம் நீள்கிறது என்று அது காட்டியது. பத்து வாரத்துக்குள் வந்த கில்லன்-பாரே என்றால் ஊசிதான் காரணம் என்பதை அரசு பெரும்பாலும் தகராறு செய்யவில்லை. அந்தக் கேஸ்கள் தொகை பேசி முடிந்தன. பதினோராவது வாரக்காரர்தான் கோர்ட்டில் மாட்டிக்கொண்டார்.

அங்கே வாதம் இப்படி ஓடும். உதாரணத்துக்கு, ஊசி போடாத ஒரு கூட்டத்தில் ஒரு வாரத்தில் இரண்டு பேருக்கு இந்த நோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊசி போட்ட அதே அளவு கூட்டத்தில், மூன்றாவது வாரத்தில் பத்துப் பேர். அந்தப் பத்தில் எட்டுப் பேர் ஊசியால் வந்தவர்கள். யார் அந்த எட்டு, யார் அந்த இரண்டு என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் பத்தில் யாரைப் பிடித்தாலும் ஊசியால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சிவில் வழக்குக்கு அது போதும். பன்னிரண்டாவது வாரத்தில் இரண்டுக்குப் பதில் மூன்று பேர் என்றால்? மூன்றில் ஒருவருக்குத்தான் ஊசி காரணம். மூன்றில் அந்த ஒருவர் யார் என்று தெரியாததால், மூன்று பேருமே தோற்பார்கள். ஊசி போடாதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் அபாயம் இருந்தால் ஜெயிக்கலாம், அதற்குக் கீழே என்றால் வெறுங்கை. 1982இல் வடக்கு கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம், பத்து வாரம் தாண்டி நோய் வந்த மனுதாரர்களின் வழக்கில் ஏறக்குறைய இந்தத் தர்க்கத்தின்படிதான் அரசுக்குச் சாதகமாக முடிவு சொன்னது.

எண்ணிக்கையில் குறை காண முடியாது. ஆனால் மூவரில் உண்மையிலேயே ஊசியால் முடங்கிய அந்த ஒருவருக்கு ஒரு டாலரும் கிடைக்காது, மூன்றாவது வாரத்தில் ஊசிக்குச் சம்பந்தமே இல்லாமல் நோய் வந்த இரண்டு பேருக்கு முழுத்தொகை கிடைக்கும். இதை மாற்ற இன்றுவரை யாரும் நல்ல வழி கண்டுபிடிக்கவில்லை. நிகழ்தகவுக்கு ஏற்றபடி ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் என்ன என்று கேட்டால், சிவில் சட்டத்தின் அடிப்படையே ஆட்டம் காணும் என்று வக்கீல்கள் பதறுவார்கள். எனக்கு அந்தப் பதற்றம் முழுசாகப் புரிந்ததில்லை.

அந்தப் பத்து வாரமும் நிலைக்கவில்லை. 1984இல் அலெக்சாண்டர் லாங்மியூர் தலைமையிலான குழு அதே பழைய தரவுகளை மறுபடி அலசி, ஊசியின் தாக்கம் ஆறு வாரம்தான், நீட்டினாலும் எட்டு என்றது. லேசான பாதிப்போடு தப்பியவர்களிடம் ஊசியின் தடமே இல்லை என்றும் சொன்னது. 2004இல் மருத்துவக் கழகத்தின் குழு, 1976 ஊசிக்கும் பெரியவர்களுக்கு வந்த கில்லன்-பாரேக்கும் காரண உறவு உண்டு என்ற முடிவையே சான்றுகள் ஆதரிப்பதாக ஒப்புக்கொண்டது. அதற்குள் கேஸ் எல்லாம் முடிந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கேஸ்கள் முடிந்தபின்

அடுத்த பெரிய அலை குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பு ஊசியைச் சுற்றி 1980களில் வந்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் தயாரிப்பை நிறுத்தத் தொடங்கவே, 1986இல் நாடாளுமன்றம் தனியாக ஓர் இழப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தப்பு யாருடையது என்ற கேள்வி இல்லை, குறிப்பிட்ட நோய் குறிப்பிட்ட நாட்களுக்குள் வந்தால் ஊசிதான் காரணம் என்று எடுத்துக்கொள்ள ஓர் அட்டவணை, ஜூரி இல்லாத தனி விசாரணையாளர்கள். கலிஃபானோ ஒரு நோய்க்கு மட்டும் அறிக்கையில் செய்ததைச் சட்டமே பொதுவாக்கிவிட்டது. ஒவ்வொரு ஊசியிலும், அது தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி எடுத்து நிதி சேர்க்கிறார்கள். வலிக்கும் வேதனைக்கும் உச்சம் 2,50,000 டாலர். வக்கீல் ஃபீஸ் மனுதாரர் தொகையில் கை வைக்காமல் தனியாக வரும், நியாயமான அடிப்படையோடு வந்த கேஸ் என்றால் தோற்றாலும் வரும். 2017இல் வருஷாந்தர ஃப்ளூ ஊசிக்கான அட்டவணையில் கில்லன்-பாரே சேர்ந்தது. கெடு 3 நாள் முதல் 42 நாள், அதாவது ஆறு வாரம்.

அந்தத் திட்டத்தில் இழப்பீடு பெறும் கேஸ்களில் சுமார் 60 சதவீதம் பேசி முடிக்கப்படுபவை. அப்படி முடியும் ஒப்பந்தத்தைப் படித்தால், ஊசியால்தான் இந்தக் காயம் என்பதை அரசு மறுக்கிறது என்று ஒரு பத்தி வரும், இத்தனை டாலர் கொடுக்கிறது என்று சில வரி கழித்து வரும். கோர்ட் கோர்ட்டாக இழுக்காமல், செலவும் தோல்வி பயமும் இல்லாமல் முடிக்க இரு தரப்பும் சம்மதித்தது என்பதற்கு மேல் அந்தக் காகிதத்துக்கு அர்த்தம் இல்லை. பணம் கொடுத்துவிட்டார்கள், ஆகவே ஊசிதான் காரணம் என்று அதைத் தூக்கிக் காட்டுபவர்கள் அந்த முதல் பத்தியை மறைத்துக்கொண்டு காட்டுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 2009இல் பன்றிக்காய்ச்சல் நிஜமாகவே உலகம் முழுக்க வந்தது, அதற்கும் தனி ஊசி போட்டார்கள். ஆனால் அந்த ஊசி 1986 திட்டத்துக்குள் வரவில்லை. 2005இல் வந்த அவசரகாலச் சட்டத்தின் கீழ் வேறொரு திட்டத்துக்குப் போனது. பிற்பாடு கொரோனா ஊசியையும் அதில்தான் சேர்த்தார்கள். அங்கே ஊசி போட்ட ஒரு வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும், வக்கீல் ஃபீஸ் கிடையாது, வலி வேதனைக்குத் தொகை கிடையாது, முடிவெடுப்பது அதே சுகாதாரத் துறை, அதன்மேல் கோர்ட்டுக்கும் போக முடியாது. 2009 ஊசிக்குப் பின் கில்லன்-பாரே வந்த சிலருக்கு அந்தத் திட்டம் பணம் கொடுத்தது. 1976இல் அதே நோய் வந்தவர் படிவத்தில் தன் எண்ணைத் தானே எழுதலாம், துறை மறுத்தால் நீதிபதி முன்னால் போய் நிற்கலாம். 2009காரருக்கு அந்த இரண்டும் இல்லை.